சென்னை முதல் தூத்துக்குடி வரை கடலோரமாகவே: வறுத்த மீனுக்காக ஒரு பயணம், எங்கெங்கே நிறுத்தலாம்?

அலைவாய்க்கரை
11 ஜூலை 2025, இரவு 9:40

வணக்கம். இந்த மாசக் கடைசியில அப்பாவைக் கூட்டிக்கிட்டு கார்ல கிளம்பறேன். கோயில், கோட்டை, ரிசார்ட் எதுவும் திட்டத்துல இல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிச்சு சென்னையிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் போறோம். வழியில கடலோரக் கொட்டகை, மெஸ், துறைமுகத்துப் பக்கத்துச் சின்னச் சாப்பாட்டுக் கடை இப்படிப் பார்த்து நிறுத்தி வறுத்த மீன் சாப்பிடணும். அவ்வளவுதான்.

அப்பாவுக்கு 71 வயசு. நாகப்பட்டினம் வெளிப்பாளையத்துல பிறந்தவர். ரயில்வே வேலை கிடைச்சு 1974ல சென்னைக்கு வந்தார். பாட்டி தோசைக்கல்லுல போட்ட கிழங்கான் மீன் மாதிரி அதுக்கப்புறம் எங்கேயும் சாப்பிடலன்னு ஐம்பது வருஷமா சொல்றார். போன வருஷம் இதயத்துல ஸ்டென்ட் வச்சிருக்கு. வறுவல் எப்பவாவது கொஞ்சம் சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார், அதனால கண்ட எண்ணெயில வறுத்ததைக் கொடுக்க எனக்கு மனசில்ல.

இப்போதைக்குத் திட்டம்: 24 வியாழன் கிளம்பி, வெள்ளி நாகை, சனி ராமேஸ்வரம், ஞாயிறு தூத்துக்குடி. எந்த ஊர்ல எந்த மீன், எந்த நேரத்துல போகணும், எதைத் தவிர்க்கணும், சொல்லுங்க.


காசிமேட்டுக்காரன்
11 ஜூலை, இரவு 11:05

அருமையான திட்டம் தலைவா. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். வழி முழுக்க வஞ்சரம் கேட்டுக்கிட்டே போகாதீங்க.

நான் சென்னை காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துல மீன் எடுத்து ஓட்டல்களுக்குப் போடறவன். ஈ.சி.ஆர்.ல சனி ஞாயிறு கார்ல இறங்குற பத்துப் பேர்ல ஏழு பேர் "வஞ்சரம் இருக்கா"ன்னுதான் கேக்கறாங்க. கேக்கறாங்களேன்னு கடைக்காரர் வச்சாகணும். அந்தக் கரையில வஞ்சரம் இறங்கலன்னா வேற ஊர்லேர்ந்து ஐஸ் பெட்டியில வரும். கடல் எதிர்ல இருக்கும், தட்டுல இருக்கற மீன் நானூறு கிலோமீட்டர் லாரியில வந்ததா இருக்கும். இந்த மாசம் இன்னும் மோசம். மேற்குக் கடற்கரையில ஜூன் 1லேர்ந்து ஜூலை 31 வரைக்கும் மீன்பிடித் தடை. நம்ம பக்கத்து நல்ல வஞ்சரம் கேரளாவுக்கு வண்டி ஏறிடுது. மிச்சம் நிக்கறது விலையும் ஜாஸ்தி, வயசும் ஜாஸ்தி.

அதனால கடையில நுழைஞ்சதும் "இன்னிக்கு கரையில என்ன இறங்கிச்சு"ன்னு கேளுங்க. பதில் உடனே வந்துச்சுன்னா உக்காருங்க. "எல்லாமே இருக்கு சார்"னு சொன்னா கிளம்பிடுங்க.

மசாலா தடவறதுக்கு முன்னாடி மீனைப் பாருங்க. செவுள் ரத்தச் சிவப்பா இருக்கணும், கண்ணு உப்பலா தெளிவா இருக்கணும், விரலால அமுக்கினா குழி உடனே மேல வரணும். வறுத்த பிறகு எல்லா மீனுக்கும் கண்ணு வெள்ளையாதான் இருக்கும், அப்ப பார்த்துப் பிரயோசனமில்ல.


புதுவைவாசி
12 ஜூலை, காலை 7:20

வஞ்சரத்தைப் பத்தி இவ்வளவு கடுமையா சொல்ல வேண்டாம்னு நினைக்கறேன். எங்க தேங்காய்த்திட்டு துறைமுகத்துல வஞ்சரம் இறங்கத்தான் செய்யுது. தூண்டில்ல பிடிச்ச மீனை ரெண்டு விரல்கடை கனத்துக்குத் துண்டு போட்டு, மிளகும் பூண்டும் அரைச்சுத் தடவி வறுத்தா அதுக்கு ஈடு எதுவும் கிடையாது. நடுவுல ஒரே முள்ளு. சின்னப் பிள்ளைங்க, வயசானவங்க பயமில்லாம சாப்பிடலாம். எங்க வீட்டுல நாலு வயசுப் பேத்தி மீன் சாப்பிடப் பழகினதே வஞ்சரத்துலதான்.

பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில தேடாதீங்க, அது நடக்கறதுக்கான இடம். துறைமுகப் பக்கமும், ஊருக்கு வடக்கே மீனவர் குப்பங்களை ஒட்டியும் மதியச் சாப்பாடு போடற சின்ன இடங்கள் இருக்கு. பன்னிரண்டரைக்குள்ள போகணும். ரெண்டு மணிக்கு மேல குழம்பு மட்டும்தான் மிஞ்சும்.

வர்ற வழியில மரக்காணம் உப்பளங்களைத் தாண்டினதும் கழிமுகத்தை ஒட்டி கீற்றுக் கொட்டகைகள் வரும். அங்க இறாலும் கிழங்கானும் பாருங்க. உங்க அப்பா கேக்கற மீனாச்சே.


பாம்பன்தீவு
12 ஜூலை, காலை 10:48

அண்ணே, 24ஆம் தேதி ஆடி அமாவாசை. அன்னைக்கு ராமேஸ்வரத்துல அக்னி தீர்த்தத்துல கால் வைக்க இடம் இருக்காது, மறுநாளும் கூட்டம் வடிஞ்சிருக்காது. நீங்க சனிக்கிழமை வர்றீங்க, கூட்டம் குறைஞ்சிருக்கும். ஆனாலும் சனிக்கிழமை வேண்டாம்னுதான் சொல்லுவேன். காரணம் படகு.

எங்க வீடு பாம்பன்ல. அப்பாவும் தம்பியும் நாட்டுப்படகுல போறவங்க. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மறுநாள் காலையில கரை திரும்பும். அதாவது செவ்வாய், வியாழன், ஞாயிறு காலையில மீன் வரும். மத்த நாள் நாட்டுப்படகு. சனிக்கிழமை மதியம் நீங்க ராமேஸ்வரத்துக் கடையில உக்காந்தா பெரும்பாலும் வியாழக்கிழமை மீனோட மிச்சம்தான் கிடைக்கும், நாட்டுப்படகு மீன் கையில சிக்கினா உண்டு. செவ்வாய்க்கிழமையா இருந்தா கதையே வேற. இன்னொண்ணு, நம்ம ஆளுங்களை இலங்கைக் கடற்படை பிடிச்சுட்டாங்கன்னா மறுநாளே வேலைநிறுத்தம் அறிவிச்சிருவாங்க. கிளம்பறதுக்கு முன்னாடி செய்தி பார்த்துக்கோங்க.

இது கச்சான், அதாவது தென்மேற்குக் காத்து அடிக்கற காலம். தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிப்பா இருக்கும். வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில வாடைக்காத்து வந்தா அப்படியே தலைகீழ். அதனால இப்ப எங்க கரையில வடகடல் மீனைக் கேளுங்க. விளைமீன், ஓரா, பாறை, முரல், கணவாய். ஓரா கடல்புல் மேயற மீன். பிடிச்ச உடனே குடலை எடுக்கலன்னா கறியிலயே பாசி வாடை ஏறிடும். வாடை இல்லாத ஓரா வறுவல் கிடைச்சதுன்னா அந்தக் கடையில மீன் காலையில வந்ததுன்னு அர்த்தம். எங்க ஆளுங்க புதுக் கடைக்குப் போனா அதைத்தான் முதல்ல கேப்பாங்க.

ராமேஸ்வரம் கோயில் வீதிகளைச் சுத்தி சைவக் கடைகள்தான் அதிகம். மீனுக்கு பாம்பன், தங்கச்சிமடம், இல்லன்னா தனுஷ்கோடி போற சாலையில இருக்கற கொட்டகைகள். தனுஷ்கோடியில சாயங்காலம் வண்டிகளைத் திருப்பி அனுப்பிடுவாங்க, மதியத்துக்குள்ள போயிடுங்க. 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறம் அங்க மின்சாரக் கம்பியும் குடிதண்ணிக் குழாயும் இல்லாமலேதான் எங்க சனம் குடிசை போட்டுக் கடலை நம்பி இருந்துச்சு. அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை 2017லதான் திறந்தாங்க. சாலை வந்த பிறகுதான் அந்த வறுவல் கடைகள் பெருகிச்சு. நடத்தறது பெரும்பாலும் பொம்பளைங்க. வீட்டு ஆம்பளை கரைவலை இழுத்துக் கொண்டுவர்ற மீனை அங்கேயே கழுவி கல்லுல போடறாங்க.


முத்துக்குளிப்பு
12 ஜூலை, மதியம் 1:30

தூத்துக்குடிக்கு ஞாயித்துக்கிழமை வராதீய. எங்க கடற்கரை பூரா ஞாயிறு கடலுக்குப் போக மாட்டாவ, பூசைக்குப் போற நாள். அதோட ஜூலை 26 பனிமய மாதா கோயில் கொடியேத்து. ஆகஸ்ட் 5 வரைக்கும் திருவிழாதான். ஊரு நிறைஞ்சு கிடக்கும், பார்க்க நல்லா இருக்கும், ஆனா மீனுக்கு வர்றவியளுக்கு அந்த ஞாயிறு சரிப்படாது.

இங்க விசைப்படகு விடியக்காலை போயி அன்னைக்கு ராத்திரியே கரைக்கு வரணும்னு கட்டுப்பாடு. ராத்திரி ஏலம். அந்த மீன் மறுநாள் மதியம்தான் சாப்பாட்டுக் கடைக்கு வரும். அதனால ராத்திரி வந்து தங்கி, மறுநாள் மதியம் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. ராத்திரிக்கு எண்ணெய் பரோட்டா, மறுநாளு மீனு, வீட்டுக்கு மக்ரூன்.

பேரு விசயத்துல கவனமா இருங்க. மெட்ராஸ்ல "சீலா"ன்னு விக்கிறது நீளமா, பல்லு வெளிய தெரியுற மீன். அதை நாங்க ஊளின்னு சொல்லுவோம். எங்க ஊர்ல சீலான்னா நீங்க சொல்லுத வஞ்சரம். விலை குறைச்சலான மீன்னு நினைச்சு இங்க வந்து "ரெண்டு சீலா போடுங்க"ன்னு சொல்லாதீய, பில்லு வேற மாதிரி வரும்.


அலைவாய்க்கரை
12 ஜூலை, இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டேன், படகு எப்ப வரும்னு யோசிக்கவே இல்ல. அப்பாகிட்ட பாம்பன்தீவு எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். "கச்சான்"னு படிச்சதும் நிமிர்ந்து உக்காந்தார். அந்த வார்த்தையைக் காதால கேட்டு எத்தனை வருஷமாச்சுன்னார்.

தேதியை மாத்திட்டேன். 27 ஞாயிறு விடியக்காலை கிளம்பி அன்னிக்கு மதியம் பாண்டி. 28 திங்கள் நாகை. 29 செவ்வாய் பாம்பன். 30 புதன் காலை தனுஷ்கோடி, ராத்திரி தூத்துக்குடி. 31 வியாழன் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் திரும்பறோம்.

எண்ணெய் விஷயம் மட்டும் பாக்கி. கடையில எப்படிக் கண்டுபிடிக்கறது?


கல்லடுப்பு
13 ஜூலை, காலை 6:10

இதுக்கு நான் பதில் சொல்றேன். இருபத்திரண்டு வருஷம் வறுவல் கல்லுக்கு முன்னாடி நின்னவன். கடலூர், காரைக்கால், கடைசியா சென்னை.

முதல்ல கல்லா சட்டியான்னு பாருங்க. எண்ணெய் நிறைஞ்ச சட்டியில முக்கி எடுக்கற கடையில அந்த எண்ணெய் காலையிலேர்ந்து கொதிக்குதா, நேத்துலேர்ந்து கொதிக்குதான்னு வெளியாளுக்குத் தெரியாது. தோசைக்கல்லுலயோ தவாவுலயோ போடற இடத்துல ஒரு ஈடுக்கு ரெண்டு மூணு கரண்டி எண்ணெய்தான் ஊத்துவாங்க, அது மீனோட முடிஞ்சிடும். உங்க அப்பாவுக்குக் கல்லுதான் சரி.

சட்டி எண்ணெய் கெட்டுப்போனதுக்கு அடையாளம்: மீனைப் போட்டதும் மேல பழுப்பு நுரை கட்டி அடங்காம நிக்கும், புகை சீக்கிரமே கிளம்பும், கண்ணு எரியும், எண்ணெய் பாகு மாதிரி கரண்டியில ஒட்டும். கொதிச்சுக் கொதிச்சுக் கெட்ட பொருள் எண்ணெயில 25 சதவீதத்துக்கு மேல போனா அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2018 ஜூலையிலேர்ந்தே சட்டம் இருக்கு. அதை அளக்கற கருவி எந்தக் கொட்டகையிலயும் இருக்காது. மூக்கை நம்புங்க.

அடுத்தது மாவு. நல்ல மீனுக்கு மாவு வேண்டாம். மிளகாய்த்தூள், மஞ்சள், பூண்டு, சோம்பு, உப்பு, புளிக்கரைசல் இல்லன்னா எலுமிச்சை. மொறுமொறுப்பு வேணும்னா ஒரு கைப்பிடி அரிசி மாவு, அது போதும். சோள மாவும் முட்டையும் போட்டு அரை விரல் கனத்துக்குப் போர்வை போர்த்தினா உள்ள இருக்கறது என்ன மீன், எப்ப பிடிச்சதுன்னு எதுவுமே தெரியாது. அதுக்குத்தான் அந்தப் போர்வை. அதே காரணத்துக்காகத்தான் நான் துண்டு மீனை விட முழு மீன் கேளுங்கன்னு சொல்வேன். தலையோட வர்ற மீன் பொய் சொல்லாது.

சிவப்பு நிறம். மிளகாய்த்தூள் கல்லுல பட்டா கருஞ்சிவப்பாகும், ஓரம் கருகும். வறுத்த பிறகும் ஒரு மீன் குங்குமம் மாதிரி பளபளன்னு இருந்தா சாயப்பொடி போட்டிருக்கு. பக்கத்துல வச்ச வெங்காயத்தைப் பாருங்க, அதுவும் சிவந்திருக்கும்.

கல்லு நல்லாக் காயணும், மீன்ல தண்ணி இருக்கக் கூடாது. இந்த ரெண்டுல ஒண்ணு தப்பினா ஒட்டிக்கிட்டுத் தோல் உரியும். அவசரப்பட்டுப் புரட்டவும் கூடாது. அடிப்பக்கம் வெந்தா மீன் தானே கல்லை விடும், அப்ப புரட்டணும். கீழ கறிவேப்பிலை பரப்பிப் போட்டா வாசனையும் ஏறும், ஒட்டவும் ஒட்டாது. நீங்க ஆர்டர் கொடுத்த பிறகு பத்து நிமிஷம் ஆகும். ரெண்டு நிமிஷத்துல தட்டு வந்தா அது முன்னாடியே வறுத்து வச்சதைச் சூடு பண்ணினது.

கடைசியா ஒண்ணு. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி இதெல்லாம் வெயில்ல ஒரு மணி நேரம் கிடந்தாலும் கெட ஆரம்பிச்சிடும். அப்படிக் கெட்டதை எவ்வளவு வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது, உடம்பு பூரா அரிப்பும் சிவப்பும் வரும். மசாலா தடவி வாசல்ல அடுக்கி வச்சிருக்கற கானாங்கெளுத்தியை மட்டும் சாயங்காலத்துல தொடாதீங்க. அப்பாவை நல்லபடியாக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க.


தனிவழி
13 ஜூலை, மதியம் 12:02

ஒரு எச்சரிக்கை. போன டிசம்பர்ல குடும்பத்தோட ஒரு கடலோரக் கடையில உக்காந்தோம். விலைப்பட்டியல் கிடையாது. ஒரு மீனும் நாலு நண்டும் சொன்னோம். சாப்பிட்டு முடிச்ச பிறகு 3,400 ரூபாய் கேட்டாங்க. கேட்டதுக்கு "எடைக்கு ரேட் சார்"னாங்க, எடை போட்டதை நாங்க பார்க்கவே இல்ல. பிள்ளைங்க முன்னாடி சண்டை வேண்டாம்னு கொடுத்துட்டு வந்தேன். அந்த வருத்தம் இன்னும் போகல.


பாம்பன்தீவு
13 ஜூலை, மதியம் 2:25

தனிவழி அண்ணே, படிக்கவே கஷ்டமா இருக்கு. அப்படிச் செய்யறவங்களால நேர்மையாக் கடை வச்சிருக்கறவங்களுக்கும் கெட்ட பேரு. நண்டுக்கும் சிங்கி இறாலுக்கும் விலை தினம் மாறும், அது உண்மை. அதுக்காக எடையை மறைக்க வேண்டியதில்ல. மீனைக் கையில எடுத்துக் காட்டச் சொல்லி, தராசுல வைக்கச் சொல்லி, வறுவல் கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவுன்னு கேட்டுட்டு அப்புறம் கல்லுல போடச் சொல்லுங்க. நல்ல கடையில யாரும் முகம் சுளிக்க மாட்டாங்க.


நாகூர்ப்புறா
13 ஜூலை, இரவு 10:30

நாகைக்காரன் நான் தாமதமா வர்றேன், மன்னிக்கணும். திங்கட்கிழமை நல்ல நாள்தான். அக்கரைப்பேட்டை துறைமுகத்துல விடியக்காலையிலேயே ஏலம் களைகட்டிடும், அப்பாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க. 2004 சுனாமியில அந்தக் கரை பட்ட பாடு சொல்லி முடியாது. இன்னிக்கு அங்க நிக்கற படகுகளைப் பார்த்தா மனசு நிறையும்.

எங்க ஊர்ல வறுவல் மட்டும் கேட்டு எந்திரிச்சுடாதீங்க. சுறாப்புட்டு கேளுங்க. பால்சுறாவை வேகவச்சு, தோலை உரிச்சு, உதிர்த்து, வெங்காயம் பூண்டு பச்சைமிளகாயோட கிளறினது. எண்ணெயும் கம்மி, முள்ளும் கிடையாது. அப்பாவுக்கு ஏத்தது.


புதுவைவாசி
14 ஜூலை, காலை 7:05

கல்லடுப்பு சொன்ன பிறகு ஒண்ணு ஒத்துக்கறேன். தெரியாத கடையில வஞ்சரத் துண்டு கேக்கறது சரியில்ல. தெரிஞ்ச கடையில, முழு மீனா கண்ணால பார்த்து, கண்ணு முன்னாடியே வெட்டச் சொன்னா வஞ்சரம் வஞ்சரம்தான். அதுல என் கருத்து மாறாது.


மண்டபம்_வழி
16 ஜூலை, மாலை 5:50

நாங்க அடுத்த மே மாசம் லீவுல இதே மாதிரி வரலாம்னு இருக்கோம். அப்பவும் இதே மீன் கிடைக்குமா?


காசிமேட்டுக்காரன்
16 ஜூலை, இரவு 8:33

மே வேண்டாம். ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கரையில விசைப்படகு போகக் கூடாது. 2017க்கு முன்னாடி 45 நாளா இருந்துச்சு. மீன் முட்டை போட்டுப் பெருகறதுக்கான காலம். நாட்டுப்படகும் ஃபைபர் படகும் கரையோரமாப் போகும், அதுல வர்ற கொஞ்சம் மீனுக்கு ஏகப்பட்ட போட்டி. அந்த ரெண்டு மாசம் கடல் ஓய்வெடுக்கட்டும்னு நான் நினைக்கறேன். பிள்ளைங்க லீவுக்கு மலைக்குக் கூட்டிட்டுப் போங்க, செப்டம்பர்ல காலாண்டு லீவுக்கு இங்க வாங்க.


அலைவாய்க்கரை
3 ஆகஸ்ட், மாலை 6:20

போயிட்டு வந்துட்டோம். நீங்க எல்லாரும் சொன்னதை ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கிட்டுதான் போனேன், அதனால முழுசா எழுதறேன்.

ஞாயிறு காலை நாலரைக்குக் கிளம்பினோம். கோவளமும் மாமல்லபுரமும் தூங்கிட்டு இருந்துச்சு. மரக்காணத்துல உப்பு வாரிக் குவிச்சிருந்தாங்க, அப்பா இறங்கி ஒரு கல்லு உப்பை வாயில போட்டுப் பார்த்தார். கழிமுகத்துக் கொட்டகையில மணி எட்டுக்கு அடுப்பே மூட்டல. "பத்தரைக்கு மேல வாங்க"ன்னாங்க, எங்களால காத்திருக்க முடியல. பாண்டிக்குப் போற வழியில கடல் தெரியற ஒரு பெரிய கடையில நிறுத்தினது என் முடிவு. "எல்லாமே இருக்கு சார்"னு சொன்னாங்க. காசிமேட்டுக்காரன் எழுதினது ஞாபகம் வந்தும் காத்து நல்லா இருக்கேன்னு உக்காந்தேன். குங்குமச் சிவப்புல ஒரு துண்டு வந்துச்சு, வெங்காயமும் சிவந்திருந்தது. அப்பா ஒரு வாய் வச்சுட்டுத் தட்டைத் தள்ளினார். அவர் ஒண்ணும் சொல்லல. எனக்குத்தான் ரொம்ப வருத்தமாப் போச்சு.

அன்னிக்கு மதியமே அது சரியாச்சு. புதுவைவாசி சொன்ன மாதிரி துறைமுகத்துப் பக்கம் பன்னிரண்டேகாலுக்கு ஒரு சின்ன இடம், நாலே பெஞ்சு. "இன்னிக்கு என்ன"ன்னு கேட்டேன். "சங்கராவும் நெத்திலியும்தான், வேற இல்ல"ன்னாங்க. உக்காந்துட்டோம். சங்கராவை ரெண்டு பக்கமும் கீறி, மசாலாவைக் கீறலுக்குள்ள தேய்ச்சு, கல்லுல போட்டாங்க. கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு நிமிஷம். கீறல் வழியா உள்கறி வெள்ளையா விரிஞ்சு வந்துச்சு. நெத்திலியை அப்பா முள்ளோடயே மென்னு சாப்பிட்டார்.

திங்கள் நாகை. தரங்கம்பாடியில 1620ல கட்டின டேனிஷ் கோட்டைக்கு முன்னாடி அரை மணி நேரம் நின்னோம், அப்புறம் நேரா அக்கரைப்பேட்டை. ஏலம் முடியற நேரம். கூடை கூடையாக் கிழங்கான் இருந்துச்சு. அப்பா விலை கேட்டார், ஒரு கிலோ வாங்கினார். எதுக்குன்னு கேட்டேன், பதில் சொல்லல. கையில பையோட வெளிப்பாளையத்துல பழைய தெருவுல நடந்தார். வீடு இருந்த இடத்துல ரெண்டு மாடிக் கட்டடம். அங்கேயிருந்து ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். வறுக்கிற அம்மாவுக்கு அப்பா வயசு இருக்கும். "இதை வறுத்துக் கொடுப்பீங்களா, கூலி தர்றேன்"னு அப்பா கேட்டார். அவங்க பையை வாங்கி ஒரு மீனைத் திருப்பிப் பார்த்தாங்க. "யாரு வாங்கினது? நல்லாப் பார்த்து வாங்கியிருக்கீங்க"ன்னாங்க. அப்பா முகத்தைப் பார்க்கணுமே அப்ப.

மிளகாயை ஊறவச்சு அம்மியில அரைச்சது, கூட புளி, உப்பு, நாலு பல்லு பூண்டு. தூள் எதுவும் இல்ல. பழைய இரும்புக் கல்லு, கடலை எண்ணெய் சுத்தி ஒரு கோடு. பாட்டி வறுத்த மாதிரி இருக்கான்னு நான் கேக்கல. அவரும் சொல்லல. ஏழு மீன் சாப்பிட்டார், தலையையும் விடல. நாகூர்ப்புறா, சுறாப்புட்டு தனியா ஒரு தட்டு வாங்கினோம். அதை நானே முழுசா சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீண்ட ஓட்டம். வேதாரண்யம், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம். மல்லிப்பட்டினம் பக்கத்துல தஞ்சை மன்னர் சரபோஜி கட்டின மனோராக் கோபுரத்தைக் காருக்குள்ளயிருந்தே பார்த்துக்கிட்டோம். கட்டுமாவடியில சாலையை ஒட்டி மீன் மார்க்கெட், நண்டும் இறாலும் மலை மாதிரி. வாங்கி வைக்க வழியில்லையேன்னு அப்பா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தார். தொண்டி, தேவிபட்டினம் தாண்டி பாம்பன் பாலம் ஏறும்போது மணி ரெண்டரை. ரயில்வேக்காரர் இல்லையா, ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலத்தையும் பக்கத்துல 1914ல கட்டின பழைய பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

பாம்பன்தீவு, நீங்க சொன்ன மாதிரியே பாலத்துக்கு வடக்கே தண்ணி அசையாம கிடந்துச்சு, தெக்கே வெள்ளை வெள்ளையா நுரை. ஒரே பாலத்துல நின்னு ரெண்டு கடலைப் பார்த்தேன். சாப்பாட்டுக் கடையில ஓரா கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "ஓரா கேக்கறீங்களே, நம்ம பக்கமா?"ன்னார். காலையில வந்ததுன்னு பெட்டியைத் திறந்து காட்டினார். துளி பாசி வாடை இல்ல. கறி கொஞ்சம் இனிப்பா இருந்துச்சு. முதுகுமுள்ளு குத்தினா ராத்திரி பூரா கடுக்கும்னு சொல்லி அவரே முள்ளை வெட்டி எடுத்துட்டுத்தான் வறுத்தார்.

புதன் காலை தனுஷ்கோடி. கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பா போய்க் கயித்துல ஒரு கை வச்சார், ரெண்டு நிமிஷம்தான், நான் வேண்டாம்னு கூட்டிட்டு வந்துட்டேன். அந்த வலையில வந்த சின்னப் பாறையும் நகரையும் பத்தடி தள்ளி இருந்த கொட்டகையில கல்லுல ஏறிச்சு. தட்டுல பனையோலை விரிச்சுக் கொடுத்தாங்க. எடையும் விலையும் முதல்லயே கேட்டுக்கிட்டோம், அந்த அக்கா சிரிச்சுக்கிட்டே தராசைத் திருப்பிக் காட்டினாங்க.

வியாழன் தூத்துக்குடி மதியச் சாப்பாடு. முத்துக்குளிப்பு, உங்க ஊர்ச் சீலாவைக் கேட்டுத்தான் வாங்கினோம், முழு மீனாப் பார்த்து, முன்னாடியே வெட்டச் சொல்லி. புதுவைவாசிக்காக அந்த ஒரு துண்டு. நீங்க சொன்னது சரிதான் ஐயா, அப்படி வாங்கினா அதுக்கு ஈடு இல்லைதான். விலை மட்டும் மத்த மூணு வேளைச் செலவையும் சேர்த்தா வர்ற அளவு.


கல்லடுப்பு
3 ஆகஸ்ட், இரவு 9:15

அம்மியில அரைச்ச ஊறவச்ச மிளகாய்! அந்த அம்மாவுக்கு என் வணக்கம். ஒரு சந்தேகம், பூண்டைத் தோலோட தட்டிப் போட்டாங்களா, உரிச்சா?


அலைவாய்க்கரை
3 ஆகஸ்ட், இரவு 9:50

தோலோடதான். அப்பா பக்கத்துலயே நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். நேத்து வீட்டுல அதே மாதிரி தட்டி, சந்தையில வாங்கின கிழங்கான்ல தடவி, அவரே கல்லு முன்னாடி நின்னார். முதல் மீன் ஒட்டிக்கிச்சு. ரெண்டாவதுக்கு கறிவேப்பிலை பரப்பினார்.